யட்சி – காண்க: யட்சன்

தொன்ம உயிரினங்களின் கலைக்களஞ்சியத்தைத் தொகுக்கும் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

மெய்ப்புப் படிகள் சென்ற வாரம் என் கைக்கு வந்தன. 'ய' வரிசையில் நான் எழுதி அனுப்பிய பதிவு நான்கு பக்கம். அந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு வரி இருக்கிறது: "யட்சி – காண்க: யட்சன்." சொன்னபடி பக்கத்தைத் திருப்பி யட்சனைக் கண்டேன். குபேரனின் பரிவாரம், புதையலுக்குக் காவல், நச்சுப் பொய்கைக் கரையில் தருமனிடம் கேள்வி கேட்டவன் என்று முக்கால் பக்கம் ஓடி, கடைசியில் "இதன் பெண்பால் யட்சி எனப்படும்" என்று முடிகிறது. நான்கு பக்கம் நான்கு சொல்லாகிவிட்டது.

தவறுதலாக நேர்ந்ததோ என்று நினைத்துத்தான் முதலில் உங்களுக்கு எழுதினேன். பதிலாகச் சுற்றறிக்கையின் நகல் வந்தது. ஆண் வடிவம் உள்ள உயிரினங்களின் பெண் வடிவத்துக்குத் தனித் தலைச்சொல் கிடையாது. ஆண் வடிவம் இல்லாதவை 'பெண் பேய்கள்' என்ற பின்னிணைப்பில் அகர வரிசையில் சேர்க்கப்படும். காரணம் பக்க அளவு, இலக்கண ஒழுங்கு. இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பக்க அளவைப் பிறகு பேசலாம். இலக்கண ஒழுங்கு என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சிங்கத்துக்கும் பெண் சிங்கத்துக்கும் உள்ள உறவு வேறு. அவை ஓரினம், ஒரு பதிவு போதும். கதையில் பிறந்த உயிரினம் அப்படிப் பிறப்பதில்லை. யாரோ செத்தார்கள், யாரோ பயந்தார்கள், யாரோ ஏமாற்றப்பட்டார்கள் என்பதிலிருந்து அது பிறக்கிறது. யட்சனும் யட்சியும் ஒரே விகுதி மாற்றத்தில் நிற்கும் சொற்கள்தாம், ஆனால் ஒரே கதையில் நிற்பவர்கள் அல்லர்.

1917இல் பாட்னாவை ஒட்டிய தீதார்கஞ்சில், கங்கைக் கரையில், கண்ணாடிபோல் மெருகேற்றிய மணற்கல் சிலை ஒன்று கிடைத்தது. வலக்கையில் சாமரம், இடக்கை உடைந்து போயிருக்கிறது, மூக்கு சிதைந்திருக்கிறது. இந்தியச் சிற்பக் கலையைப் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாத சிலை அது. அதன் பெயர் தீதார்கஞ்ச் யட்சி. உங்கள் நூலைத் திறந்து அவளைத் தேடும் மாணவி குபேரனின் கருவூலத்தில் போய் நிற்பாள். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை (பால் படையல்) கொடுத்துத் திரும்பி வரும் வழியில்தான் கவுந்தியையும் கண்ணகியையும் பார்க்கிறாள். அந்த மடை பூங்கண் இயக்கிக்கு; இயக்கி என்பது யட்சியின் தமிழ் வடிவம். இயக்கனுக்கு அல்ல. அந்த இயக்கிதான் இசக்கியாகத் தென்தமிழ் நாட்டில் இன்றும் வழிபடப்படுகிறாள். மலையாளக் கதைகளில் வரும் யட்சி பாலை மரத்தடியில் நின்று, இரவில் தனியே போகும் ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். அதையும் யட்சன் கேட்பதில்லை. 1969இல் கானாயி குஞ்ஞிராமன் மலம்புழை அணைக்கட்டுப் பூங்காவில் செதுக்கிய பேருருவமும் யட்சிதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல்லிலும் கதையிலும் அவள் நின்றுகொண்டிருக்க, யாரைப் பார்த்து யாரைக் காணச் சொல்கிறீர்கள்?

பின்னிணைப்புக்கு வருகிறேன். 'பெண் பேய்கள்' என்ற ஒரே கூரையின் கீழ் சுடேலையும் பொந்தியானாக்கையும் பான்ஷீயையும் அடைத்திருக்கிறீர்கள். சுடேல் வட இந்தியக் கதைகளில் வருபவள். பாதம் பின்னோக்கித் திரும்பியிருக்கும். பொந்தியானாக் மலாய்க் கதைகளில் வருபவள். போர்னியோவில் ஒரு நகரமே அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது. இருவரும் பெரும்பாலான கதைகளில் கருவுற்றிருந்தபோதோ பிள்ளைப்பேற்றிலோ செத்தவர்கள். கடல் கடந்து வெவ்வேறு மொழி பேசிய மக்கள் ஒரே அச்சத்திலிருந்து உருவம் செய்திருக்கிறார்கள். பிள்ளை பெறப் போனவள் திரும்பி வராத வீடுகள் அவ்வளவு இருந்தன. அவளுக்குக் கோபம் இருக்கும் என்று மிஞ்சியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆணுக்கு இந்தச் சாவு இல்லை. அதனால்தான் அவர்களுக்கு ஆண் வடிவம் இல்லை. விடுபட்டுப் போனதால் அல்ல.

இதே சாவை மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக்குகள் என்ன செய்தார்கள் என்று நான் எழுதிய பத்தியையும் வெட்டியிருக்கிறீர்கள். அவர்களிடத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்தவள் போரில் விழுந்த வீரனுக்குச் சமம். சிவாதெதேயோ என்று பெயர். விடியலிலிருந்து உச்சிவரை சூரியனைப் போர்வீரர்கள் சுமந்து வர, உச்சியிலிருந்து மேற்கே இறக்கிக்கொண்டு போவது இந்தப் பெண்கள். அவள் உடலை நான்கு இரவுகள் கணவனும் மருத்துவச்சிகளும் காவல் காத்தார்கள். ஏன் தெரியுமா? இளம் வீரர்கள் அவள் கூந்தலையும் இடக்கை நடுவிரலையும் வெட்டியெடுத்துக் கேடயத்தில் வைத்துக்கொள்ளத் துடித்தார்கள். எதிரி கண்ணைக் கட்டும் வலிமை அதில் இருப்பதாக நம்பிக்கை. சில குறிப்பிட்ட நாட்களில் அவளே நாற்சந்திக்கு இறங்கி வந்து குழந்தைகளுக்கு நோய் தருவாள். போற்றுதலும் அச்சமும் ஒரே உடலில். இதைப் 'பெண் பேய்கள்' என்ற தலைப்பின் கீழ் எட்டு வரியில் எழுதித் தரச் சொல்லி உங்கள் உதவியாசிரியர் கேட்டார். என்னால் முடியவில்லை.

பான்ஷீயை "மரணத்தைத் தரும் அயர்லாந்துப் பெண் பேய்" என்று யாரோ திருத்தியிருக்கிறார்கள். அவள் யாரையும் கொல்வதில்லை. ஒரு குடும்பத்தில் சாவு வரப்போகிறது என்று முன்கூட்டியே அழுகிறவள். ஒப்பாரி வைப்பவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டீர்கள். பின்னிணைப்பின் தலைப்பு 'பேய்கள்' என்று ஆனபிறகு உள்ளே இருப்பவள் என்ன செய்வாள், அந்தத் தலைப்புக்கு ஏற்றபடி கொல்லத்தானே வேண்டும்!

நீங்கள் செய்திருப்பது புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் டெல்ஃபியில் அப்பல்லோ என்ற தெய்வம் கொன்ற பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமர் பெயரால் வழங்கும் அப்பல்லோ துதிப்பாடலில் அது பெண் பாம்பு. பின்னால் வந்தவர்கள் கையில் பைத்தான் என்ற ஆண் பாம்பாகிவிட்டது. உங்கள் நூலில் பைத்தானுக்கு ஒன்றரைப் பக்கம். முதலில் அவள் இருந்தாள் என்ற குறிப்பே இல்லை. சீனத்தின் ஃபெங்ஹுவாங் பறவையில் ஃபெங் ஆண், ஹுவாங் பெண். பேரரசனுக்கு டிராகன் அடையாளம் என்று ஆனபோது, ஜோடிப் பறவை முழுவதுமாகப் பேரரசியின் பக்கம் தள்ளப்பட்டு இரண்டுமே பெண்ணாயின. அங்கே ஆண் காணாமல் போனான். மெசொப்பொத்தேமியப் பேய்களில் லிலு ஆண், லிலிது பெண். பல நூற்றாண்டுகள் கழித்து மந்திரம் எழுதிக் கவிழ்த்துப் புதைத்த மண் கிண்ணங்களில்கூட ஆண் லிலித், பெண் லிலித் என்று இருபாலரையும் பெயர் சொல்லி விரட்டுகிறார்கள். இன்று லிலித் என்றால் ஒருத்திதான். லிலுவை யாருக்கும் நினைவில்லை. அவனுக்கும் நான் ஒரு பதிவு எழுதியிருந்தேன். "முக்கியத்துவம் குறைவு" என்று ஓரத்தில் எழுதி அதையும் நீக்கியிருக்கிறீர்கள். ஆகவே பெண்ணுக்காக மட்டும் வழக்காடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இணைத்துவிட்டால் இருவரில் ஒருவர் காணாமல் போகிறார். பெரும்பாலும் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

என் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனின் தாய் வருகிறாள். மகனைக் கொன்றதற்குப் பழிவாங்க வந்தவள். கதையில் அவளுக்குப் பெயரே கிடையாது. கிரெண்டலின் தாய், அவ்வளவுதான். மூலத்தில் அவளைக் குறிக்கும் சொல்லின் வேரும், நாயகன் பேவுல்ஃபைக் குறிக்க ஓரிடத்தில் வரும் சொல்லும் ஒன்று. மொழிபெயர்த்தவர்கள் பலர் அவனுக்கு வரும்போது 'வீரன்' என்றும் அவளுக்கு வரும்போது 'அரக்கி' என்றும் எழுதினார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். நானும் அப்படியே எழுதியிருந்தேன். ஒரு சொல்லுக்கு இரண்டு மையை நானே ஊற்றியிருந்தேன். அதைத் திருத்தி அனுப்பிய பதிவுதான் இப்போது "கிரெண்டலின் தாய் – காண்க: கிரெண்டல்" என்று நிற்கிறது.

பெண் சென்டார் பதிவையும் அப்படியே செய்திருக்கிறீர்கள். இடுப்புக்கு மேல் மனிதன், கீழே குதிரை என்ற அந்த உயிரினத்தின் பெண்ணைக் கிரேக்க ஓவியர் சியூக்சிஸ் வரைந்தார். லூசியன் என்ற பழங்கால எழுத்தாளர் அதை வருணிக்கிறார். புல்தரையில் அவள் படுத்திருக்கிறாள். இரட்டைக் குட்டிகள். ஒன்றை மனிதத் தாயைப்போல் மார்போடு அணைத்துப் பாலூட்டுகிறாள். மற்றொன்று குதிரைக்குட்டியைப்போல் அவளுடைய கீழுடலில் பால் குடிக்கிறது. மனிதத் தோல் எங்கே முடிந்து குதிரைத் தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாதபடி தீட்டியிருந்தாராம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "என்ன புதுமை! என்ன புதுமை!" என்றார்கள். வேலைப்பாட்டை ஒருவரும் பார்க்கவில்லை. சியூக்சிஸுக்குக் கோபம் வந்து படத்தை மூடி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். பின்னாளில் ரோமானியத் தளபதி சுல்லா அதை இத்தாலிக்குக் கப்பலேற்ற, கப்பல் கிரேக்கத்தின் மலேயா முனையருகே மூழ்கிப் படமும் போய்விட்டது. லூசியன் பார்த்தது ஏதென்ஸில் இருந்த நகல். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் ஹைலோனோமி என்ற பெண் சென்டார், போரில் விழுந்த காதலனைத் தாங்கிப் பிடித்து, அவனைத் துளைத்த அதே ஆயுதத்தின் மேல் விழுந்து சாகிறாள். சென்டார் என்றால் குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் பெண்களைத் தூக்கும் கூட்டம் என்று மட்டுமே நாம் படித்திருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வீடும் தாய்ப்பாலும் துக்கமும் இருந்ததைக் காட்டுவது இவர்கள் இருவரும்தான். இவர்களை எடுத்துவிட்டால் சென்டாரைப் பற்றியே நாம் பாதிதான் சொன்னவர்களாவோம்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். என்னை எழுத வைத்தது உண்மையில் இதுதான்.

'பேய்' என்ற பதிவில் படம் ஆண். விளக்கம் முழுவதும் 'அவன்'. தமிழ் இலக்கியத்தில் பேய் என்றதும் முன்னே வந்து நிற்பவள் பேய்மகள். திருமுருகாற்றுப்படையில் காய்ந்த கூந்தலும் கோணல் பல்லும் அகன்ற வாயுமாகத் துணங்கைக் கூத்து ஆடுபவள் அவள். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தைத் தொடங்குவதே வற்றிய மார்பும் எழுந்த நரம்பும் குழிந்த வயிறும் கொண்ட "ஓர் பெண்பேய்" அலறி உலரும் காட்டிலிருந்துதான். பதிக முடிவில் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். அழகை வேண்டாமென்று கேட்டு வாங்கிய உருவம் அது. பேயை ஆண் என்று எழுதிவிட்டு அடியில் 'பெண்பால்: பெண்பேய்' என்று குறிப்புப் போடுவது தமிழ் தெரிந்தவர் செய்யும் வேலையா?

அந்த ஆலங்காட்டை ஒட்டியதுதான் பழையனூர். ஒரே மண்ணில் இரண்டு பேய்ப் பெண்கள். ஒருத்தி நாயன்மார் வரிசையில் ஏறிவிட்டாள். மற்றவள் பழமொழியில் மாட்டிக்கொண்டாள். நீலி.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் பாட்டி. முற்பிறப்பில் கணவன் கையால் செத்தவள் நீலி. பேயாகி அலைகிறாள். அவன் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியாக வருகிறான். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். இவன் என் கணவன், என்னையும் பிள்ளையையும் விட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் இவள் பேய் என்று கதறுகிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. வேளாளர் எழுபது பேர் கூடி, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவன் காவலுக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்த இடத்தில் பாட்டி எப்போதும் சற்று நிறுத்துவார். வெற்றிலையை மடித்தபடியே, "அவள் சொன்னதில் பொய் எது? குழந்தை ஒன்றுதான் பொய். அவன் அவள் புருஷன் என்றது மெய்தானே" என்பார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயதிருக்கும். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. அவளுடைய வழக்குக்குச் சாட்சி இல்லை, ஏனென்றால் கொலை போன பிறவியில் நடந்தது. சாட்சி இல்லாததால் ஒரு கட்டையைச் சாட்சியாக்கினாள். நம் மொழி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எதை? நீலிக்கண்ணீர். யாராவது பொய்யாக அழுதால் இன்றும் அவள் பெயரைத்தான் சொல்கிறோம். எழுபது பேரின் சத்தியம் நினைவிருக்கிறது. அவளைக் கொன்றவனின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது.

நீங்கள் அவளை வைத்திருக்கும் இடம் பின்னிணைப்பு, மூன்று வரி: "நீலி: ஆண்களை ஏமாற்றிக் கொல்லும் பெண் பேய். 'நீலிக்கண்ணீர்' என்ற வழக்கு இவளால் வந்தது." கொலையுண்டவள் என்ற ஒரு சொல் இதில் இல்லை. இவ்வளவுக்கும் இந்த நீலிக்கு இன்னொரு வாழ்வும் இருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பலி நின்றுபோன கோபத்தில் இருக்கும் காளியின் ஏவலால், முனிசந்திரர் என்ற சமண முனிவரை விரட்டப் பழையனூர் நீலி போகிறாள். பயமுறுத்துகிறாள், நடக்கவில்லை. அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள், நடக்கவில்லை. அவரிடமே பாடம் கேட்கிறாள். அப்புறம் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய் வாதிட்டு வெல்கிறாள். தருக்கம் பேசித் தத்துவவாதிகளைத் தோற்கடிக்கும் பேய்! உங்கள் நூலில் வரும் டிராகன்களில் ஒன்றாவது இதைச் செய்ததா? அதே நீலியைத்தான் மூன்று வரியில் முடித்திருக்கிறீர்கள்.

ஓவியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரக்கி என்று ஒரு படம் வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்து அரக்கனை எடுத்து, மீசையை அழித்து, மூக்குத்தியும் நீண்ட இமைமயிரும் வைத்திருக்கிறார்கள். ஓவியரைக் குறை சொல்லமாட்டேன். கையில் ஒரு வரி கொடுத்தால் அவர் வேறு எதை வரைவார்? மெய்ப்பு மேசைமேல் கிடந்தபோது என் தங்கையின் மகள் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: "இது எந்த அரக்கனின் மனைவி?"

ஒன்பது வயதுக் குழந்தை உங்கள் சுற்றறிக்கையைப் படிக்காமலே அதன் சாரத்தைச் சொல்லிவிட்டாள். நான் அவளுக்கு ஜராவின் கதையைச் சொன்னேன். இரண்டு பாதியாகப் பிறந்த பிள்ளையை அரண்மனைக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். தின்ன எடுத்தவள் ஜரா என்ற அரக்கி. தூக்கிப் போக வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்தாள். ஒட்டிக்கொண்டு குழந்தை வீறிட்டது. தின்ன மனம் வராமல் அரசனிடமே கொடுத்துவிட்டாள். ஜராவால் சேர்க்கப்பட்டவன், ஆகையால் ஜராசந்தன். மகத மன்னனின் பெயருக்குள்ளேயே ஓர் அரக்கி இருக்கிறாள். உங்கள் மெய்ப்பிலோ "இரு பாதியாகப் பிறந்து ஒன்றானவன்" என்றிருக்கிறது. தானாகவே ஒன்றாகிவிட்டான் போலும். இடும்பியைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். பீமன் கையில் செத்த அண்ணன் இடும்பனுக்கு உங்கள் நூலில் தனிப் பதிவு. உயிரோடிருந்து கடோத்கசனைப் பெற்று, மணாலியில் 1553இல் எழுந்த மரக் கோயிலில் தெய்வமாக இருக்கும் தங்கைக்கு 'காண்க'.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மினோட்டார் என்ற காளைத்தலை மனிதனுக்குச் சமநிலையாக ஒரு பெண் மினோட்டாரை உருவாக்கிச் சேர்க்கலாமே என்று உங்கள் குழுவில் ஒருவர் யோசனை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். கதையில் இல்லாதவளைச் செய்து உட்கார வைப்பதும் இருப்பவளை அழிப்பதும் எனக்கு ஒரே குற்றம்தான். உண்மையிலேயே பெயரளவில் மட்டும் ஜோடியாக வருபவர்கள் உண்டு. ரஷ்யக் காட்டுக் காவலன் லேஷிக்கு ஒரு மனைவி சொல்லப்படுகிறாள். தனிக்கதை பெரிதாக இல்லை. அவளுக்கு ஒரு வரி போதும், சண்டை போடமாட்டேன்.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பவை இவை. நூல் அச்சுக்குப் போகுமுன் உங்கள் அடுத்த கூட்டத்திலேயே அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பால் எது என்று பார்த்துத் தலைச்சொல் முடிவு செய்வதை விட்டு, தனிக்கதை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இருந்தால் தனிப் பதிவு, இல்லாவிட்டால் 'காண்க'. இதே விதி ஆணுக்கும் பொருந்தட்டும், லிலு திரும்பி வரட்டும். யட்சி, பேய்மகள், நீலி, ஜரா, இடும்பி, கிரெண்டலின் தாய், பெண் சென்டார், சிவாதெதேயோ ஆகிய எட்டுப் பதிவுகளையும் நான் அனுப்பிய வடிவில் அவற்றுக்குரிய அகர வரிசையில் சேருங்கள். 'பெண் பேய்கள்' பின்னிணைப்பைக் கலையுங்கள். பான்ஷீ பதிவிலுள்ள பிழையைத் திருத்துங்கள். பைத்தான் பதிவில் முதலில் பெண் பாம்பு இருந்ததைச் சேருங்கள்.

செத்து உருமாறியவளாக ஒருத்தியைப் பற்றி எழுதும்போது, எப்படிச் செத்தாள், கொன்றவர் உண்டென்றால் யார் என்பது பதிவின் முதல் பத்தியிலேயே வரவேண்டும். நீலிக்கு இது கட்டாயம். ஓவியர்களுக்குத் தலைப்பை மட்டும் அனுப்பாமல் முழுப் பதிவையும் அனுப்புங்கள். அரக்கியின் படத்தை ஜராவின் கதையைப் படித்தபின் மறுபடி வரையச் சொல்லுங்கள்.

பக்கம் போதாது என்கிறீர்கள். டிராகனுக்கு 19 பக்கமும் 14 படமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் ஏழு படம் ஒரே டிராகன் வெவ்வேறு பக்கம் திரும்பி நெருப்புக் கக்குவது. அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைச் செய்ய இயலாதென்றால், பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டு, என் கைப்பிரதிகளைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பெற்றுக்கொண்ட சன்மானத்தை அவை வந்து சேர்ந்த அன்றே அனுப்பிவைக்கிறேன். எந்த முடிவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலுக்கு யட்சி, நீலி, பேய்மகள் பதிவுகளை எழுதித் தந்த கட்டுரையாளர்